லாஸ்பேட்டை விமானம் இந்த முறை நின்றுபோகக் கூடாது

புதுச்சேரி அரசுக்கும், லாஸ்பேட்டை விமான நிலைய அதிகாரிகளுக்கும், அங்கே விமானம் விடும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு டிக்கெட் கடை நடத்துகிறேன். அப்பா எஸ்டிடி பூத் வைத்திருந்த அதே இடம். எல்லார் கையிலும் செல்போன் வந்து பூத் படுத்துவிட்ட பிறகு, முதலில் பஸ் டிக்கெட், அப்புறம் விமான டிக்கெட் என்று தொழிலை மாற்றிக்கொண்டோம். சவூதிக்குப் போகிற கொத்தனார், மகளுக்குப் பிரசவம் பார்க்க ஐதராபாத் போகிற அம்மா, டெல்லியில் நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளை என்று எல்லாருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்துக் கிட்டத்தட்ட இருபது வருடம் ஓடிவிட்டது.

என் கடைக் கண்ணாடிக் கதவின் கீழ்ப்பக்கம் ஒரு பசைத் தழும்பு இருக்கிறது. "பாண்டியில் இருந்து விமான டிக்கெட் இங்கே கிடைக்கும்" என்று ஸ்டிக்கர் ஒட்டி, பிறகு சுரண்டி எடுத்த இடம் அது. ஒரு முறை இல்லை, நான்கு முறை. பிளேடு வைத்துச் சுரண்டியும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் பார்த்துவிட்டேன், அந்த மங்கல் போகவில்லை. இப்போது அதே இடத்தில் ஐந்தாவது ஸ்டிக்கர் இருக்கிறது. அதையும் சுரண்டும் நாள் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடலூர்க்காரிக்குப் புதுச்சேரி விமானத்தில் என்ன அக்கறை என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முள்ளோடை தாண்டினால் உங்கள் எல்லை. எங்கள் ஊரில் இருந்து பாண்டிக்குப் பஸ் வந்துகொண்டே இருக்கும், நின்று காத்திருக்க வேண்டியதே இல்லை. ஜவுளி எடுக்க, ஜிப்மரில் காட்ட, கல்லூரிக்குப் போக என்று எங்கள் மக்கள் தினமும் அந்தச் சாலையில்தான் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலேயே நெய்வேலியில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு உதவும் உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே, 2017இல், அந்தப் பெயர் பட்டியலில் வந்தது. சென்னைக்கு விமானம் என்றார்கள். வருடங்கள் ஓடின, பயணிகள் விமானம் வரவில்லை. அதனால் எங்களுக்கும் லாஸ்பேட்டைதான் விமான நிலையம். பண்ருட்டிக்கும் விழுப்புரத்துக்கும் சிதம்பரத்துக்கும் அதுதான்.

உங்கள் கோப்புகளில் எல்லாம் இருக்கும். ஆனாலும் ஒரு முறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயணிகள் மனதில் இது வரிசையாகத்தான் பதிந்திருக்கிறது. 2013 ஜனவரியில் புதிய முனையக் கட்டடம் திறந்த கையோடு ஸ்பைஸ்ஜெட்டின் பெங்களூர் விமானம் வந்தது. ஓராண்டு சொச்சம் ஓடி, 2014 தொடக்கத்தில் நின்றது. 2015இல் ஏர் இந்தியாவின் துணை நிறுவனம் அதே பெங்களூருக்கு விட்டது, அந்த ஆண்டு முடியும் முன்பே நிறுத்திவிட்டது. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தின் கீழ் ஐதராபாத்துக்கும், அடுத்த ஆண்டு பெங்களூருக்கும் ஸ்பைஸ்ஜெட் திரும்ப வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. அதற்கு யாரும் பொறுப்பில்லை. 2022 மார்ச்சில் மறுபடி தொடங்கி, 2024இல் மறுபடி நின்றது. பிறகு 2024 டிசம்பர் 20 அன்று இண்டிகோவின் ஏடிஆர் விமானம் பெங்களூரில் இருந்து வந்து இறங்கியது.

அந்த டிசம்பர் எங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கும் தெரியும். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் பாண்டியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையில் இருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. விழுப்புரம் அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது. சென்னையில் விமானம் ஏற வேண்டியவர்கள் எந்த வழியாகப் போவது என்று கேட்டு என் கடைக்குப் போன் போட்டபடி இருந்தார்கள். என்னிடம் பதில் இல்லை. வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டி முடிப்பதற்குள் பாண்டியில் விமானம் இறங்குகிறது என்ற செய்தி வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாளே அச்சகத்தில் போய் ஐந்தாவது ஸ்டிக்கருக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, மகிழ்ச்சி ஒரு பக்கம். பயமும் அதோடு சேர்ந்தே வந்தது. ஏன் பயம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உடான் திட்டத்தைப் பற்றி மத்திய தணிக்கைத் துறை 2023இல் ஓர் அறிக்கை கொடுத்தது. மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அதில் 403 வழித்தடங்களில் ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. தொடங்கியவை 371. அதில் சலுகைக் காலமான மூன்று ஆண்டுகளை முழுதாக ஓட்டியவை 112. சலுகை முடிந்த பிறகும் ஓடியவை வெறும் 54. சின்ன ஊருக்கு விமானம் வருவது அவ்வளவு கடினம் இல்லை, வந்தது தங்குவதுதான் கடினம் என்று இந்த எண்களைப் பார்த்தால் புரிகிறது. பாண்டி மட்டும் ராசியில்லாத ஊர் இல்லை. எங்கேயும் இதே கதைதான்.

ஒவ்வொரு முறை நின்றபோதும் சொன்ன காரணம் ஒன்றுதான், பயணிகள் போதவில்லை. இதை நான் முழுதாக ஏற்கவில்லை. பயணிகள் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் என் கடைப் படியேறி வந்து சென்னை டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் ஏன் பாண்டி டிக்கெட் கேட்பதில்லை என்பதைத்தான் நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எங்கே தவறு என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். பெங்களூர் விமானம் என்றதும், பெங்களூருக்குப் போகிறவர்கள் அதில் ஏறுவார்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாண்டியில் இருந்தும் கடலூரில் இருந்தும் பெங்களூருக்குப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்கள் வெள்ளி இரவு பஸ் ஏறினால் திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று தூங்கிக்கொண்டே வந்துவிடுவார்கள். திரும்பும்போதும் அப்படியே. காலையில் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே, அறையில் இருந்து கூப்பிடு தூரத்தில் பஸ் இறக்கிவிடும். விமானமோ ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் போய் இறங்குகிறது. அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும், மழை பெய்தால் இன்னும் அதிகம். ஒன்றேகால் மணி நேரம் பறந்துவிட்டு, இரண்டு மணி நேரம் டாக்சியில் உட்கார அந்தப் பிள்ளை எதற்குப் பணம் கொடுப்பான்? கொடுக்க மாட்டான். ஏதோ அவசரம் என்றால் ஒரு தடவை போவான், அவ்வளவுதான்.

பெங்களூரைத் தாண்டிப் போகிறவர்கள்தான் இந்த விமானத்துக்கு உண்மையான வாடிக்கையாளர்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, புனே, துபாய், தோகா, சிங்கப்பூர் போகிறவர்கள். ஜிப்மரில் படிக்கும் வடமாநிலப் பிள்ளைகள், அவர்களைப் பார்க்க வரும் பெற்றோர். ஆரோவில்லுக்கு வருகிற வெளிநாட்டினர். பாண்டியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள். பெங்களூரில் இருந்து பாரிசுக்கு நேர் விமானமே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் என்று வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் தலைமுறையாகப் போய் வருகிற ஊர்கள். இவர்கள் எல்லாரும் இன்று சென்னை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பிடித்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் விமானத்துக்குப் போட்டி அந்தக் கார்தான், பெங்களூர் பஸ் இல்லை.

அந்தக் கார்ப் பயணத்தை ஒரு முறை பக்கத்தில் இருந்து பாருங்கள். விடிகாலை நாலரை மணி விமானம் என்றால், கடலூரில் இருந்து முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் கிளம்புகிறார்கள். தூரம் நூற்று எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான், சாலை காலியாக இருந்தால் நாலு மணி நேரம் போதும். ஆனால் பண்டிகைக்கு முதல் வாரம் என்றால் செங்கல்பட்டு தாண்டியதும் வண்டி ஊர்ந்துதான் போகும், பெருங்களத்தூரில் அசையவே அசையாது. அதற்காகத்தான் இத்தனை முன்கூட்டிக் கிளம்புவது. வழியனுப்ப மனைவி, பிள்ளைகள், ஒரு மாமா. பின்சீட்டில் பிள்ளைகள் மடிமேல் மடியாகத் தூங்கிக்கொண்டு வரும். விமான நிலைய வாசலில் பத்து நிமிடம் நின்று கையசைத்துவிட்டு, அதே சாலையில் திரும்பி, வெயில் ஏறும் நேரத்துக்கு வீடு வந்து சேர்வார்கள். காருக்கு நாலாயிரத்துக்குக் குறைந்து யாரும் வருவதில்லை. டோலும் ஓட்டுநர் படியும் தனி. லாஸ்பேட்டைக்கு இதே குடும்பம் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இந்தக் கணக்கு தெரிந்தும் நானே பல நேரம் சென்னை டிக்கெட்தான் போட்டுக் கொடுக்கிறேன். மனதாரச் செய்வதில்லை. ஏன் அப்படி என்று ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் லக்கேஜ். வளைகுடாவுக்குப் போகிறவர் கையில் முப்பது கிலோ இருக்கும். ஊறுகாய், கருவாடு, மசாலாப் பொடி, கூட்டாளிகள் வீட்டில் கொடுத்தனுப்பிய பொட்டலங்கள். வெளிநாட்டு டிக்கெட்டில் அந்த எடை அனுமதி இருக்கும். ஆனால் பாண்டி–பெங்களூர் டிக்கெட்டைத் தனியாகப் போட்டால் அது உள்நாட்டு டிக்கெட், பதினைந்து கிலோதான். மீதிக்கு கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும், மிச்சம் பிடித்த கார் வாடகை அதில் போய்விடும். அதோடு பெங்களூரில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே பிஎன்ஆரில் கடைசி ஊர் வரை டிக்கெட் விழுந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. லாஸ்பேட்டையில் பெட்டியைப் போட்டால் மஸ்கட்டிலோ பாரிசிலோ எடுத்துக்கொள்ளலாம். விமான நிறுவனத்தாரே, உங்களிடம் நான் கேட்கும் முதல் உதவி இதுதான். புதுச்சேரியில் இருந்து எந்தெந்த ஊருக்கு ஒரே டிக்கெட்டில் போகலாம், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, கடலூர், விழுப்புரம், சிதம்பரம், நெய்வேலியில் உள்ள எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்குக் கொடுங்கள். சென்னை விளம்பரப் பலகைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு துளி போதும்.

அடுத்து, நேரம். ஒரே விமானம் பெங்களூரில் இருந்து நண்பகல் வாக்கில் பாண்டிக்கு வந்து, ஐதராபாத் போய், மாலையில் திரும்ப பாண்டிக்கு வந்து, பெங்களூருக்குப் போவது என்ற ஏற்பாட்டில்தான் இண்டிகோவின் சேவை தொடங்கியது. ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்ன செய்வீர்கள் என்று எனக்கும் புரிகிறது. ஆனால் காலையில் போய் வேலையை முடித்து இரவு வீடு திரும்ப நினைக்கிறவருக்கு இது உதவாது. சிப்காட் கம்பெனி மேலாளர், நீதிமன்ற வேலையாகப் போகிறவர், பரிசோதனைக்காக மருத்துவரைப் பார்க்கப் போகிறவர் எல்லாரும் ஐதராபாத்தில் ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் பாண்டியில் இருந்து கிளம்பி இரவு திரும்புகிற மாதிரி வைத்துப் பாருங்கள். அதற்கு விமானம் இரவு லாஸ்பேட்டையில் தங்க வேண்டியிருக்கும். விமானி, பணிப்பெண்களுக்கு அறை, விமானத்துக்குக் காவல் என்று செலவு கூடும். அந்தச் செலவில் புதுச்சேரி அரசு பங்கெடுத்துக்கொள்ளலாம். பாண்டியில் ஓட்டல் அறைக்கா பஞ்சம்?

நேரத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் வந்தால் கோடைக்கால அட்டவணை, குளிர்கால அட்டவணை என்று மாறும். அது உலகம் முழுக்க உள்ள வழக்கம், குறை சொல்ல மாட்டேன். நடுவில் மாற்றுவதுதான் கொல்கிறது. மாலை ஐந்து என்று போட்ட டிக்கெட் இரண்டு வாரம் கழித்து மூன்று மணி ஆகிறது. அப்புறம் அந்த நாளில் விமானமே இல்லை என்று குறுஞ்செய்தி வருகிறது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் ஐதராபாத்தில் பேத்திக்குக் காது குத்தப் போக என்னிடம் டிக்கெட் வாங்கினார்கள். இரண்டு பேருக்குமே அதுதான் முதல் விமானம். சென்னையே போதும் என்று சொன்னவரை, "சார், பாண்டி உங்கள் வீட்டு வாசல் மாதிரி" என்று சொல்லி மாற்றியவள் நான்தான். அந்த அம்மா நாலு நாளாக முறுக்கு சுட்டு, ஈயம் பூசிய பழைய தூக்கில் அடுக்கி, மூடியைத் துணி வைத்துக் கட்டி வைத்திருந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஒன்பதரைக்கு, விமானம் ரத்து என்று என் போனுக்குச் செய்தி வந்தது. அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்து, அதாவது விசேஷம் முடிந்த பிறகு. வாத்தியார் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. இரவோடு இரவாகப் பஸ் பிடித்துச் சென்னை போய், கிடைத்த ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் உட்கார்ந்து போனார்கள். தூக்கையும் மடியில் வைத்துக்கொண்டு போனார்களாம். டிக்கெட் பணம் திரும்ப வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அதற்குப் பிறகும் என் கடைக்கு வருகிறார், ஒவ்வொரு முறையும் "சென்னையில் இருந்தே போடும்மா" என்கிறார். பாண்டியில் விமானம் வந்திருக்கிறது என்று சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். இப்படிப்பட்டவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேரோ. 'பயணிகள் போதவில்லை' என்று நீங்கள் எழுதும்போது, அந்தக் காலி இருக்கைகளில் இரண்டு இந்த வாத்தியாருடையது, அவர் மனைவியுடையது.

அதனால் அரசுக்கு ஒரு வேண்டுகோள். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் இல்லை, அதன் மீதான வரி உங்கள் கையில் இருக்கிறது. உடான் மாதிரியான திட்டம் என்றால் இழப்பீட்டில் ஒரு பங்கும் நீங்கள் கொடுக்கிறீர்கள். மாநிலங்களுக்கு இருபது விழுக்காடு, உங்களைப் போன்ற ஒன்றியப் பகுதிகளுக்குப் பத்து. வரியிலோ வாடகையிலோ எந்தச் சலுகை கொடுத்தாலும் அதற்குப் பதிலாக இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். சேவையை நிறுத்துவதாக இருந்தால் தொண்ணூறு நாள் முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். விமானம் ரத்தானால் அதே நாளில் அந்தப் பயணியைச் சென்னை வழியாகவாவது ஏற்றிவிட வேண்டும், லாஸ்பேட்டையில் இருந்து சென்னைக்குக் காரும் நிறுவனமே கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நான் வாத்தியாரிடம் தைரியமாகப் பேசுவேன்.

அப்புறம் பஸ். கடலூரில் இருந்து பாண்டி பஸ் நிலையம் வரை பிரச்சினையே இல்லை. தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று நெரிசலில் நின்று நின்று போனாலும் போய்விடலாம். அதற்குப் பிறகுதான் திண்டாட்டம். பஸ் நிலையத்தில் இருந்து லாஸ்பேட்டைக்குப் பெட்டியோடு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்ததும் ஒரு விலை சொல்வார், விமானம் என்றதும் இன்னொரு விலை. விமானம் வருகிற, போகிற நேரத்தை ஒட்டி உங்கள் அரசு பஸ் கழகமான பிஆர்டிசி ஒரு சின்ன பஸ் விட்டால் போதும். பெட்டி வைக்க இடம் இருக்க வேண்டும், நெற்றியில் 'விமான நிலையம்' என்று எழுதியிருக்க வேண்டும். அதையே கடலூர் வரை நீட்டினால் உங்களுக்குப் புண்ணியம். தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகத்தோடு பேசி ஒரு நடை அவர்கள், ஒரு நடை நீங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஏடிஆரில் எழுபத்தெட்டு இருக்கை. அதில் பத்துப் பேர் கடலூர்க்காரர்கள் என்றால்கூட அந்தப் பத்துப் பேரை வழியனுப்ப இருபது பேர் வருவார்கள். அந்தப் பஸ் காலியாக ஓடாது.

ஓடுதளத்தைப் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன். லாஸ்பேட்டையில் இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர். ஏடிஆர் போன்ற, இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானத்துக்கு அது போதும், ஏர்பஸ், போயிங் இறங்க முடியாது. நீட்ட வேண்டும் என்றால் விழுப்புரம் மாவட்டப் பக்கம் நிலம் வேண்டும், அதற்கு இரண்டு அரசுகளும் ஒத்துப்போக வேண்டும். இந்தப் பேச்சு பல வருடமாக நடக்கிறது. நிலம் கொடுக்க வேண்டியவர்கள் வீடும் கொல்லையும் வைத்திருக்கும் குடும்பங்கள், அவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஓடுதளம் நீளட்டும், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு இன்றைய வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எழுபத்தெட்டு இருக்கையை நிரப்பத் தெரியாத இடத்துக்கு நூற்றெண்பது இருக்கை விமானம் வந்து என்ன ஆகப்போகிறது? சேலத்தைப் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு சில காலம் விமானமே இல்லாமல் கிடந்த ஊர். 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது, அங்கேயும் சின்ன விமானங்கள்தான் வருகின்றன.

எந்த ஊருக்குப் புதிதாக விடலாம் என்று கேட்டால், என் கடைக்கு வருகிறவர்களை வைத்துச் சொல்கிறேன், கொச்சி. வெளியூர்களோடு விமானத்தில் இணைவதற்குப் புதுச்சேரி அரசுக்கே ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. உங்கள் மாஹே கேரளத்தில் இருக்கிறது, ஏனாம் ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கம் இருக்கிறது. ஏனாம்காரர் ஒருவர் தலைமைச் செயலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டுமானால் எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் பயணம் செய்து வர வேண்டும். ராஜமுந்திரியில் இருந்து ஐதராபாத்துக்கு விமானம் உண்டு. அங்கிருந்து பாண்டி விமானத்தைப் பிடிக்கிற மாதிரி நேரம் ஒத்துவந்தால் அவர் பகல் வெளிச்சத்திலேயே வந்து சேரலாம். உங்கள் சொந்த மக்களை உங்கள் சொந்தத் தலைநகருக்குக் கொண்டுவரும் வழி இது. மாஹேக்குக் கண்ணூர்தான் பக்கம், கொச்சி தூரம்தான். ஆனாலும் எங்கள் பக்கத்துச் செவிலியர், சபரிமலை பக்தர், கேரளத்தில் வேலை பார்க்கிறவர் என்று கொச்சிக்கு ஆள் இருக்கிறது.

சென்ற மாதம் நானே லாஸ்பேட்டைக்குப் போய் வந்தேன். யாரையும் வழியனுப்ப இல்லை, சும்மா பார்க்க. ஏர்போர்ட் ரோட்டில் வேலி ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். என்னைப் போல இன்னும் நாலைந்து பேர். தோளில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு ஒரு அப்பா. பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இருவர். வடக்கே சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒன்றாகத் திரும்பினோம். இறக்கை இரண்டிலும் விசிறி சுற்ற விமானம் தாழ்ந்து வந்து, சக்கரம் தரையில் பட்டதும் கொஞ்சம் புழுதி எழுந்தது, அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. வால் பக்கத்துக் கதவைத் திறந்து சின்னப் படி இறக்கினார்கள். முதலில் ஒரு வயதானவர், வெள்ளை வேட்டி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் நின்று ஒரு நிமிடம் சுற்றிலும் பார்த்தார். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த குழந்தை அவருக்குக் கையாட்டியது.

திரும்பும் வழியில் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். பேத்திக்குத் தம்பி பிறந்திருக்கிறானாம், முதல் பிறந்தநாளுக்கு ஐதராபாத் போக வேண்டுமாம். தேதி இன்னும் முடிவாகவில்லை, தை மாதம் என்கிறார். எங்கிருந்து டிக்கெட் போடட்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் அடுத்த அட்டவணை கைக்கு வந்ததும் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சீக்கிரம் வெளியிடுங்கள், வெளியிட்ட பிறகு மாற்றாதீர்கள்.

அன்புடன்,
டிக்கெட் கடைக்காரி,
மஞ்சக்குப்பம், கடலூர்.